பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு எந்தப் பவர் கேபிள்? வாங்கும் முன்பும் மாட்டும்போதும் பார்க்க வேண்டியவை

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு இந்தியாவுக்கு வந்தபோது அறிவித்த விலை 2,14,000 ரூபாய். அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் கேபிள் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) பெட்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது. தனியாக வாங்கினாலும் கார்டு விலையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் கனெக்டர் உருகியது, கேம் நடுவில் சிஸ்டம் ஆஃப் ஆனது, புது கேபிள் மாட்டியதும் எஸ்எம்பிஎஸ் செத்தது என்று வரும் புகார்களைத் துருவிப் பார்த்தால் பல இந்தக் கேபிளில்தான் வந்து நிற்கும். முதல் தடவை பெரிய கார்டு வாங்குகிறவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் ஆறு படிகளைக் கார்டுக்குப் பணம் கட்டும் முன்பே முடித்துவிட வேண்டும்.

1. கார்டு எத்தனை வாட், எந்த வாய்?

கார்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலின் ஸ்பெக் பக்கத்தைத் திறந்து இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த வாட், பவர் கனெக்டர் (கார்டில் கேபிள் செருகும் வாய்).

என்விடியா சொல்லும் கணக்கு இது. ஆர்டிஎக்ஸ் 5090 என்றால் 575 வாட், குறைந்தது 1000 வாட் எஸ்எம்பிஎஸ். 5080-க்கு 360 வாட், 850 வாட் எஸ்எம்பிஎஸ். 5070 டிஐ 300 வாட், 750 வாட் எஸ்எம்பிஎஸ். பழைய 4090 வைத்திருப்பவர்களுக்கு 450 வாட், 850 வாட் எஸ்எம்பிஎஸ். ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 355 வாட், ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304 வாட். இவை அடிப்படை அளவுகள். ஃபேக்டரியிலேயே ஓவர்கிளாக் செய்து (வேகத்தைக் கூட்டி) வரும் மாடல்கள் இதைத் தாண்டும்.

வாய் இரண்டு வகை. ஒன்று பழைய 8 பின்; ஒரு வாய்க்கு 150 வாட் கணக்கு. மற்றொன்று 16 பின். ஒரே வாயில் 600 வாட் வரை. என்விடியாவின் இப்போதைய பெரிய கார்டுகள் 16 பின்னில் வருகின்றன. ஏஎம்டி என்றால் 8 பின்தான் என்று நினைத்து ஏமாறாதீர்கள். 9070 எக்ஸ்டியில் சஃபையர் நைட்ரோ பிளஸ் போன்ற மாடல்கள் 16 பின் கேட்கும். அதே சிப் வைத்த வேறு மாடலில் இரண்டோ மூன்றோ 8 பின் இருக்கும்.

மதர்போர்டு ஸ்லாட்டும் 75 வாட் வரை கொடுக்கலாம். ஆனால் கேபிள் கணக்கில் அதைக் கழிக்க வேண்டாம். 5090 போன்ற கார்டுகள் ஸ்லாட்டிலிருந்து எடுப்பது சொற்பம்.

2. ஒரு பின்னில் எத்தனை ஆம்பியர் ஓடும்?

கேபிள் தேர்வில் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். அதை 12 வோல்ட் பின்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பின்னுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

8 பின் வாயில் 12 வோல்ட் பின்கள் மூன்று. 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், ஒரு பின்னுக்கு 4.2. அந்தப் பின் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். அதனால்தான் வருஷக்கணக்கில் அரைகுறையாகச் செருகியும் பலர் தப்பித்தார்கள்.

16 பின் வாயில் 12 வோல்ட் பின்கள் ஆறு, எர்த் ஆறு, மேலே எத்தனை வாட் எடுக்கலாம் என்று கார்டுக்குச் சேதி சொல்லும் சின்னப் பின்கள் நான்கு. பின்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 3 மி.மீ, 8 பின்னில் அது 4.2 மி.மீ. 5090 இழுக்கும் 575 வாட்டுக்கு 48 ஆம்பியர் ஆகிறது. ஒரு பின்னுக்கு 8. அந்தப் பின்னின் எல்லை 9.5 ஆம்பியரை ஒட்டியது. மிச்சம் ரொம்பக் குறைவு. ஆறில் ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் அதன் பங்கை மற்ற ஐந்தும் சுமக்கும். அப்போது ஒவ்வொன்றும் 9.6. இரண்டு தொடவில்லை என்றால் 12. சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். அதாவது ஆம்பியர் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டேகால் மடங்கு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 4090, 5090 கார்டுகளில் ஆறு பின்களும் உள்ளே போனதும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒரு வயரில் அதிகமாக ஓடினாலும் கார்டுக்குத் தெரியாது. 3090 டிஐயில் பின்களை மூன்று ஜோடியாகப் பிரித்து அளந்தார்கள். பின்னால் அதை விட்டுவிட்டார்கள். அசூஸ் ஆர்ஓஜி ஆஸ்ட்ரல் மாதிரி சில மாடல்கள் மட்டும் ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாக அளந்து எச்சரிக்கின்றன.

அதே 16 பின்னில் 5070 டிஐ போட்டால் ஒரு பின்னுக்கு 4.2 ஆம்பியர்தான், 5080-க்கு 5. இந்த இரண்டு கார்டுகளுக்கும் இணையத்தில் உருகிய படங்களைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, ஒழுங்காகச் செருகினால் போதும். 450 வாட்டும் அதற்கு மேலும் போகிறவர்கள்தான் 16 பின் பற்றி இனிவரும் எல்லாவற்றையும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

3. எஸ்எம்பிஎஸ் பக்க முனை: உயிரை வாங்கும் இடம்

கேபிளின் கார்டு பக்க முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதி. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு 8 பின் சாக்கெட்டுகளில் அப்படி ஒரு விதியே இல்லை. எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு வரிசைகளுக்கு இடையிலும் மாறும். கோர்சேர் கம்பெனி டைப் 4, டைப் 5 என்று தனித்தனியே வைத்திருப்பது இதற்காகத்தான்.

வேறு எஸ்எம்பிஎஸ் கேபிள் உங்கள் சாக்கெட்டில் கச்சிதமாகச் செருகிக்கொள்ளும், கிளிப்பும் மாட்டிக்கொள்ளும். ஸ்விட்ச் போட்டதும் 12 வோல்ட் எர்த்தில் பாயும். அதிர்ஷ்டம் இருந்தால் எஸ்எம்பிஎஸ் தானே ஆஃப் ஆகும். இல்லாவிட்டால் கார்டு போகும். எனவே:

- பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். கேபினட் பின்னால் அழகாக டேக் போட்டுக் கட்டியிருக்கிறதே என்று பார்த்தால் செலவு லட்சத்தில் வரும். எல்லாக் கேபிளையும் உருவுங்கள்.
- கடையில் உதிரியாகத் தொங்கும் கேபிளைக் காட்டி "எல்லா எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் செட் ஆகும் சார்" என்றால் வாங்க வேண்டாம்.
- தனியாக வாங்குவதானால் எஸ்எம்பிஎஸ் கம்பெனியின் சொந்தக் கேபிள், அல்லது உங்கள் மாடல் எண்ணைப் பெயர் சொல்லிப் பட்டியலில் காட்டும் கம்பெனியின் கேபிள். "வரிசை" பெயர் போதாது. முழு மாடல் எண், வருஷம் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

சிபியு கேபிளும் 8 பின்தான். பல எஸ்எம்பிஎஸ்களில் இரண்டுக்கும் ஒரே சாக்கெட்டும் இருக்கும். ஆனால் மறுமுனையில் 12 வோல்ட்டும் எர்த்தும் நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்கும். அடையாளம் சுலபம்: நான்கு, நான்காகப் பிரிந்தால் சிபியு, ஆறு, இரண்டாகப் பிரிந்தால் கிராபிக்ஸ் கார்டு. வலுக்கட்டாயமாகச் செருக வேண்டியிருந்தால் அது தவறான கேபிள்.

4. 8 பின் கார்டு என்றால்

ஒரே கேபிளில் வால் போல இரண்டாவது கனெக்டர் தொங்கும் வகை எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வரும். இரண்டு வாயையும் அதிலேயே செருகினால் 300 வாட்டும் மூன்று வயரில் போகும், வயருக்கு 8.3 ஆம்பியர். 225 வாட்டுக்கு மேற்பட்ட கார்டு என்றால் வாய்க்கு ஒரு தனிக் கேபிள் போடுங்கள். மூன்று வாய் உள்ள கார்டுக்கு இரண்டு கேபிள்தான் இருக்கிறது என்றால், ஒன்றைத் தனியாகவும் மற்றதை வாலோடும் மாட்டிச் சமாளிக்கலாம், வயர் 16 கேஜ் ஆக இருந்தால். கேஜ் எண் வயரின் மேலுறையிலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். எண் குறைந்தால் வயர் தடிமன். 18 கேஜில் செம்பின் பரப்பு 0.82 சதுர மி.மீ, 16 கேஜில் 1.31.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா முனையை 8 பின்னாக மாற்றும் அடாப்டர் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ஒரு சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், 54 வாட். அதை 150 வாட் வாயில் மாட்டி விற்கிறார்கள்.

5. 16 பின் கார்டு என்றால்: நேர் கேபிளா, அடாப்டரா?

மூன்று வழி உண்டு.

முதல் வழி, ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 (எஸ்எம்பிஎஸ்களுக்கான புதிய விதி) எஸ்எம்பிஎஸ்; அதில் 16 பின் கேபிள் கூடவே வரும். இதுதான் நல்லது. 450 வாட்டுக்கு மேல் என்றால் இதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மனம் வராது. கேபிளில் 600 வாட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சில சின்ன எஸ்எம்பிஎஸ்களில் 300 அல்லது 450 வாட் கேபிள் வரும். இந்த எஸ்எம்பிஎஸ்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கார்டு கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, 100 மைக்ரோ விநாடிக்குத் திடீரென்று இழுக்கும்போது தன் வாட்டில் இரண்டு மடங்கு வரை தாங்கும்படி ஏடிஎக்ஸ் 3.0 விதி கேட்கிறது. பழைய 850 வாட் பெட்டியில் கேம் நடுவே சிஸ்டம் அணைவது பல நேரம் இந்த இழுப்பினால்தான்.

இரண்டாவது, பழைய நல்ல எஸ்எம்பிஎஸ். அதே கம்பெனி விற்கும் 16 பின் கேபிள். எஸ்எம்பிஎஸ் பக்கம் இரண்டு 8 பின் முனைகள் இருக்கும். "இரண்டு 8 பின் என்றால் 300 வாட்தானே, எப்படி 600 என்கிறார்கள்?" என்று சந்தேகம் வரும். 150 வாட் என்பது கார்டு பக்க வாய்க்கான விதி. எஸ்எம்பிஎஸ் பக்க சாக்கெட் கம்பெனி தன் விருப்பப்படி அமைத்தது, அதில் நான்கு 12 வோல்ட் பின்கள்கூட இருக்கலாம்.

மூன்றாவது, கார்டு பெட்டியில் வரும் அடாப்டர். 5090-க்கு நான்கு 8 பின், 5080-க்கு மூன்று, 5070 டிஐக்கு மாடலைப் பொறுத்து இரண்டோ மூன்றோ. ஒவ்வொரு வாய்க்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். 5080 வரை இது போதும். 5090-க்கு நான்கு கேபிள், ஒன்பது இணைப்புகள், கொத்தாகத் தொங்கும் கனம், அந்தக் கனம் கார்டின் வாயை இழுப்பது என்று தலைவலி கூடும். இந்த விலைக்குக் கார்டு வாங்குகிறவர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுவதே மேல்.

16 பின் வாய்க்கு உள்ள 12விஎச்பிடபிள்யூஆர் (12VHPWR), 12வி-2×6 (12V-2x6) என்ற இரண்டு பெயர்களும் குழப்பும். 2022-இல் வந்தது முதலாவது. 2023-இல் திருத்தி வந்தது இரண்டாவது. திருத்தம் கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள வாயில்: பெரிய பின்களை 0.25 மி.மீ நீட்டி, சேதி சொல்லும் சின்னப் பின்களைக் குட்டையாக்கினார்கள். இதனால் பாதி செருகினால் சின்னப் பின்கள் தொடாது. கார்டு பவரே எடுக்காது. பழைய வாயில் அவை தொடாவிட்டாலும் 150 வாட் எடுக்கலாம் என்று விதி இருந்தது. வாயின் மேல் எச்+ என்றிருந்தால் பழையது, எச்++ என்றால் புதியது. கேபிளுக்கு இதில் மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே கையில் நல்ல 12விஎச்பிடபிள்யூஆர் கேபிள் இருந்தால், "12வி-2×6 கேபிள்" என்று கூடுதல் விலை சொல்வதைக் கேட்டு மாற்ற வேண்டியதில்லை.

எல் வடிவில் திரும்பும் தனி அடாப்டர்களை ஒதுக்குங்கள். இடையில் ஒரு இணைப்பு கூடினால் சூடாகும் இடமும் ஒன்று கூடும். கேபிள்மாட் கம்பெனியின் இப்படிப்பட்ட அடாப்டர்களை 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். சுமார் 25,300 எண்ணிக்கை. எஸ்எம்பிஎஸ் கம்பெனியே தரும், முனை மட்டும் திரும்பிய கேபிள் வேறு; அது பரவாயில்லை. ஆனால் வாயின் கிளிப் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது கார்டுக்குக் கார்டு மாறும். திசை தப்பினால் கேபிள் கார்டின் மேலேயே மடங்கும்.

6. கேபினட் அகலம்

கனெக்டரிலிருந்து குறைந்தது 35 மி.மீ வரை கேபிள் நேராக வர வேண்டும், அதற்குப் பிறகுதான் வளைவு. கிட்டத்திலேயே வளைத்தால் ஒரு பக்கப் பின்கள் சாய்ந்து, தொடும் பரப்பு குறையும். உத்தேசக் கணக்கு: கேபினட் ஸ்பெக்கில் சிபியு கூலர் உயரம் என்று போட்டிருப்பதிலிருந்து கார்டின் அகலத்தைக் கழியுங்கள். 165 மி.மீ கேபினட், 140 மி.மீ கார்டு என்றால் மிச்சம் 25. கண்ணாடி மூடாது, மூடினால் கேபிளை அமுக்கும். அப்போது கேபினட்டை மாற்றுங்கள், அல்லது திரும்பிய முனை கேபிள் தேடுங்கள். கார்டை நிமிர்த்தி வைக்கும் பிராக்கெட் போட்டால் வாய் வேறு பக்கம் திரும்பும். அதற்குத் தனியாக அளவெடுக்க வேண்டும்.

7. செலவு, பில், நாள் கணக்கு

850 வாட், கோல்டு (மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணாக்கும் என்பதற்கான தரச் சான்று), ஏடிஎக்ஸ் 3.1 எஸ்எம்பிஎஸ் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். 1000 வாட்டுக்கு உத்தேசமாக 13,000 முதல் 18,000 வரை ஒதுக்குங்கள். கம்பெனிக் கேபிள் தனியாக என்றால் 1,500-இலிருந்து 3,000. இணையத்தில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் 16 பின் கேபிளில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் இருக்க வாய்ப்பு உண்டு. கையில் எடுத்தால் லேசாக இருக்கும்.

கம்பெனிக் கேபிள் சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டிலேயே எல்லா நாளும் இருப்பில் இருக்காது. விநியோகஸ்தரிடமிருந்து வர வாரக்கணக்கு ஆகலாம். எனவே கேபிளை முதலில் வாங்குங்கள், கார்டைப் பிறகு. கார்டைத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் பல கடைகளில் ஒரு வாரம்தான். கேபிளுக்குக் காத்திருந்து அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி பில்லில் கார்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டின் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மாட்டும் முன் கார்டின் வாய், கேபிளின் இரண்டு முனைகள், கேஜ் எண் தெரியும் வயர், மாட்டியபின் கனெக்டர் முழுதாக உட்கார்ந்த நிலை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். வாரண்டிக்குப் போகும்போது "கேபிள் எது, சரியாகச் செருகினீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வேறு கம்பெனி கேபிள் என்று தெரிந்தால் கைவிரிக்க அவர்களுக்கு வசதி.

8. மாட்டும் முறை

எஸ்எம்பிஎஸ் பின்பக்க ஸ்விட்சை ஆஃப் செய்து, பிளக்கையும் உருவி, கேபினட் பவர் பட்டனை ஐந்து விநாடி அமுக்குங்கள்.

கார்டைக் கேபினட்டில் போடும் முன் மேசையில் வைத்தே ஒருமுறை 16 பின் கேபிளைச் செருகிப் பாருங்கள். முழுதாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், கேபிள் முனையின் விளிம்பும் வாயின் விளிம்பும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தாலும் அது அரைகுறை. "டிக்" சத்தத்தை நம்பாதீர்கள். சில வாய்களில் கேட்கவே கேட்காது, சிலவற்றில் முழுதாகப் போகும் முன்பே கேட்கும்.

செருகும்போது கேபிளைப் பிடித்துத் தள்ளக் கூடாது; முனையின் பிளாஸ்டிக் உடம்பை இரண்டு விரலால் பிடித்து நேராக அழுத்துங்கள். இடம், வலம் ஆட்டி ஆட்டி ஏற்ற வேண்டாம். உட்கார்ந்ததும் மெதுவாக இழுத்துப் பாருங்கள்; வரக் கூடாது. இதே பரிசோதனையை எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கும் செய்யுங்கள். எல்லாரும் கார்டு பக்கத்தையே பார்க்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் பக்கம் உருகிய கேபிள்களும் உண்டு.

டேக் போடும்போது கனெக்டருக்குப் பக்கத்தில் வயர்களை இறுக்கிக் கட்டாதீர்கள். கடைசியில் கண்ணாடியை மூடிவிட்டு மறுபடியும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூடும்போதுதான் பாதி கேபிள்கள் நகரும்.

இந்த 16 பின் கனெக்டருக்குக் கணக்கு 30 தடவை செருகி எடுப்பதுதான். வாரா வாரம் உருவிப் பார்ப்பது பாதுகாப்பு அல்ல, தேய்மானம்.

9. முதல் நாள் சோதனை

எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் என்விடியா கார்டுகளுக்கு 16 பின் வோல்ட்டேஜ் தனி வரியாக வரும். சும்மா இருக்கும்போதும், கனமான கேம் அரை மணி நேரம் ஓடும்போதும் குறித்துக்கொள்ளுங்கள். லோடில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. 11.4-க்குக் கீழே போனால் நிறுத்திவிட்டு இரண்டு முனைகளையும் பாருங்கள். இன்றைய எண்ணை எழுதி வைப்பது முக்கியம்: ஆறு மாதம் கழித்து அதே கேமில் எண் இறங்கியிருந்தால் எங்கோ தொடுப்பு கெட்டுவருகிறது.

அரை மணி லோடுக்குப் பிறகு முனைக்கு அருகே கேபிளைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. ஐந்து விநாடி பிடிக்க முடியவில்லை என்றால் சரியில்லை. ஒரு வயர் மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அது இன்னும் மோசம். கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளப்பது) இருந்தால் ஆறு 12 வோல்ட் வயரையும் ஒவ்வொன்றாக அளக்கலாம்; 5090-இல் எட்டை ஒட்டி இருக்க வேண்டும், பத்தைத் தாண்டக் கூடாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏசி கரண்டை மட்டும் அளப்பது; இங்கே பூஜ்யம்தான் காட்டும். டிசி ஆம்பியர் அளக்கும் மீட்டர் வேண்டும்.

மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் 5090 ஓட்டுகிறவர்கள் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குவது நல்லது. 460 வாட், பின்னுக்கு 6.4 ஆம்பியர், கனெக்டரில் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கேமில் வித்தியாசம் லேசாகத்தான் தெரியும்.

வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் இந்தச் சிஸ்டத்தை மாட்டாதீர்கள். அது கொடுப்பது 360 வாட் அளவு. மெல்லிய வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம், சுவர் பிளக்கில் நேராகப் போடுங்கள்.

10. வாடை வந்தால்

பிளாஸ்டிக் கருகும் வாடை, லோடில் மட்டும் திரை கறுத்து ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவது, 16 பின் வோல்ட்டேஜ் தாவுவது: மூன்றில் எது வந்தாலும் உடனே ஆஃப் செய்து பிளக்கை எடுங்கள். கால் மணி ஆறவிட்டு, கிளிப்பை அமுக்கி நேராக உருவுங்கள். ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அப்படியே கார்டோடு சேர்த்துக் கழற்றிப் படம் எடுத்துச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள், நெம்பிய தடம் இருந்தால் உடைத்தது நீங்கள் என்றாகிவிடும்.

கேபிள் முனையில் ஒரு துளை பழுப்பேறியிருந்தால் கேபிளை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாமே என்று தோன்றும். கார்டின் வாயில் அதே இடத்துப் பின்னைப் பாருங்கள். பளபளப்பு போய்க் கறுத்திருந்தால் புதுக் கேபிளையும் அது எரிக்கும். வாயையே மாற்ற வேண்டும். அது சிப் லெவல் வேலை செய்யும் கடைக்காரர் செய்யக்கூடியதுதான். ஆனால் வாரண்டி இருக்கும்வரை வெளியில் கொடுக்காதீர்கள், சீல் பிரிந்தால் கம்பெனி தொடாது.